கடைசிக் காம்பராவில் இந்தியா

எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் இந்தியா இருந்தது. சின்ன வயதில் நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்காக யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், தோட்டமே அப்படித்தான் பேசியது. "இந்தியா வீட்டுல கொஞ்சம் உப்பு வாங்கிட்டு வா" என்று பக்கத்துக் காம்பராச் சின்னம்மா தன் மகளை அனுப்புவாள். "என்னா, இந்தியா இன்னைக்கி பெரட்டுக்கு வரலையா?" என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில் கங்காணி கேட்பார். அவர்கள் இந்தியா என்று சொன்னது என் அத்தையை. அப்பாவின் கூடப்பிறந்த அக்கா.

அத்தை பிறந்தது எங்கள் காம்பராவில், லயத்து வரிசையில் எங்களுக்கென்று இருந்த அந்த ஒற்றை அறையில். அப்பா பிறந்ததும் அங்கேதான். ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் சண்டை போட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஆனால் அப்பா இலங்கை, அத்தை இந்தியா. இது எப்படி என்று கேட்டபோதெல்லாம் அப்பா ஒரே பதிலைத்தான் சொன்னார். "ரெண்டு கவர்மெண்டும் உக்காந்து எங்களப் பங்கு பிரிச்சாங்க. நான் இந்தப் பக்கம் விழுந்தேன், ஒங்க அத்தை அந்தப் பக்கம் விழுந்திருச்சு." தோட்டத்தில் விறகைப் பங்கு பிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். மனிதர்களை எப்படிப் பிரித்திருப்பார்கள், வரிசையில் நிற்கவைத்து ஒன்றுவிட்டு ஒன்றாகவா என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

விஷயம் அவ்வளவு சிக்கலானதல்ல என்று இப்போது தெரிகிறது. தாத்தா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டார், கிடைத்தது. அத்தையைக் கட்டிக்கொடுத்த வீடு, அதாவது அதே லயத்தின் கடைசிக் காம்பரா, இந்தியாவுக்கு எழுதிப்போட்ட வீடு. மாலையும் கழுத்துமாக எங்கள் வாசலிலிருந்து அந்த வாசலுக்கு நடந்து போனதில் அத்தை நாடு மாறிவிட்டாள். இடையில் தண்ணீர் பிடிக்கும் ஒரு பீலியும் நாலைந்து கதவுகளும்தான் இருந்தன.

மாமா வீட்டார் கப்பலேறும் நாள் குறித்து வந்தபோது அத்தைக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை கண்ட உடம்பில் ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்பது எங்கள் ஆட்களுடைய நம்பிக்கை. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி ஆத்தாவை வழியனுப்பும்வரை அந்த உடம்பை வாசல் தாண்டவிடமாட்டார்கள், கோச்சி ரயிலிலும் கப்பலிலும் ஏற்றுவதாவது! குறித்த நாளைத் தவறவிட்டால் மறுபடி எப்போது கிடைக்குமோ என்ற பயம் வேறு. ஆகவே மாமா தன் வயதான தாய் தகப்பனோடு முன்னால் போவது, அத்தை தண்ணீர் ஊற்றிக்கொண்டு அடுத்த கப்பலில் போய்ச் சேர்வது என்று பேசி முடித்தார்கள். எங்கள் மலைக்குளிரில் வேப்பமரம் ஏது? கீழ்நாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த வேப்பிலை நிலையில் செருகியிருக்க, மாமா அதற்கு வெளியே நின்று போயிட்டு வர்றேன் என்றாராம். அத்தை உள்ளே படுத்தபடி தலையாட்டினாளாம். அதற்குப் பிறகு நாட்டில் சண்டை பெருத்து, கப்பலே நின்றுபோனது. இதெல்லாம் நான் பிறப்பதற்குப் பல வருஷங்களுக்கு முந்திய கதை.

நான் பார்த்த அத்தை, முகத்தில் அம்மைத் தழும்பும் நெற்றியில் பெரிய பொட்டுமாக, கப்பலுக்குக் காத்திருந்த அத்தை. இந்தியாவுக்குப் போகிற ஆள் என்று அவளுடைய பெயரைச் செக்ரோல் என்கிற தோட்டத்துப் பெயர்ப் பதிவிலிருந்து வெட்டியாகிவிட்டது. நிரந்தர வேலை கிடையாது. கொழுந்து அதிகமாக இருக்கும் நாட்களில் அன்றாடக் கைக்காசுக்குக் கூப்பிடுவார்கள், மற்ற நாட்களில் தோட்டத்து ஆட்களின் பிள்ளைகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டு இருப்பாள். கண்டியிலுள்ள இந்திய ஆபீசுக்குப் போய்ப் பாஸ்போட்டைப் புதுப்பித்துக்கொண்டு வருவாள். அது போதாதென்று இங்கே இருப்பதற்கு விசாவும் எடுக்கவேண்டும். தான் பிறந்த லயத்தில் தூங்குவதற்கு விசா எடுத்த பெண்பிள்ளையை நீங்கள் வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன், எனக்குச் சடை பின்னிவிட்டதே அவள்தான்.

"இந்தியா எங்க இருக்கு அத்தை?" என்று கேட்டால், கையில் வேலை இருப்பதால் முகவாயால் காட்டுவாள். "அங்கிட்டு." அங்கிட்டு என்பது டயகமப் பக்கத்து மலை. கடைசித் தேயிலை மலைக்கு மேலே சவுக்கு மரங்கள் வரிசையாக நிற்கும், அதற்கப்பால் என்ன இருக்கிறதென்று எங்களில் யாரும் போய்ப் பார்த்ததில்லை. பின்னேரமானால் பனிமூட்டம் அங்கிருந்துதான் கிளம்பி, மரங்களை ஒவ்வொன்றாக மூடி, தேயிலைக்குள் இறங்கி, எங்கள் காம்பரா முன்னாலுள்ள இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் வந்து உட்காரும். ஈரச்சாக்கும் பச்சைக் கொழுந்தும் கலந்த ஒரு வாசனை அதற்கு உண்டு. அதுதான் இந்தியாவின் வாசனை என்று நினைத்துக்கொண்டேன். பனி சில நேரம் லேசாக விலகி, மேலே எங்கோ ஒரு வெளிச்சம் தெரியும். மாமா டோர்ச் லைட் அடித்துப் பார்க்கிறார் என்று எனக்குள் ஒரு நிச்சயம். வாசற்படியில் உட்கார்ந்து நானும் அவருக்குக் கையசைப்பேன். அது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

கிரிக்கெட் நடந்தால் லயமே தோட்டத்துச் சங்கத் தலைவர் வீட்டு டி.வி.க்கு முன்னால் கிடக்கும். இலங்கையும் இந்தியாவும் மோதினால் கேட்கவே வேண்டாம். இலங்கையில் பிறந்து, இலங்கை அடையாள அட்டை வைத்திருந்த எங்கள் அண்ணன்மாரில் பாதிப்பேர் இந்தியாவுக்குக் கத்துவார்கள், மீதிப்பேர் இலங்கைக்குக் கத்துவார்கள், கடைசியில் இரண்டு பக்கமும் சட்டையைப் பிடித்துக்கொள்ளும். இந்தியா ஜெயித்தால் ஒரு பட்டாளம் கடைசிக் காம்பராவுக்கு ஓடும். "இந்தியாக்கா, ஜெயிச்சாச்சு! ரொட்டி எங்க?" தோற்றால் மற்றப் பட்டாளம் போய்த் துக்கம் விசாரிக்கும். எங்கள் லயத்திலேயே ஒரே ஒரு அசல் இந்தியப் பிரஜை, பந்து எது மட்டை எது என்று தெரியாமல், தேங்காய்ப்பூ போட்டு ரொட்டி சுட்டுக்கொடுத்துக்கொண்டிருப்பாள். "ஜெயிச்சவனும் திங்கிறான், தோத்தவனும் திங்கிறான், மாவு மட்டும் ஏன்டா என் வீட்டு மாவு?" என்பாள். ஆனாலும் சுடாமல் இருந்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் புதுச் சட்டம் வந்தது. இந்தியாவுக்கு எழுதிப்போட்டு, போக முடியாமல் நின்றுவிட்டவர்கள் விரும்பினால் இலங்கைப் பிரஜையாகலாம், பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டு ஒரு கையெழுத்து வைத்தால் போதும் என்றார்கள். தலைவர் வீடு வீடாக வந்து சொன்னார். அதே சமயம் தோட்டத்து ஆபீசிலிருந்தும் ஒரு பேச்சு வந்தது. பெயர்ப் பதிவு இல்லாதவர்களிடமிருந்து காம்பராக்களை எடுத்துப் புதுக் குடும்பங்களுக்குக் கொடுக்கப்போகிறார்களாம். கடைசிக் காம்பரா யார் கண்ணுக்கு முதலில் படும் என்று சொல்லவேண்டியதில்லை.

அப்பா அன்றைக்கே அத்தையிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

"அக்கா, கையெழுத்தப் போட்டுரு. பேரு பதிஞ்சா காம்பரா ஒனக்கு, வேலை ஒனக்கு. இல்லாட்டி எந்த நாளு வெளிய போன்னு சொல்லுவானோ தெரியாது."

அத்தை அடுப்பை ஊதிக்கொண்டே, "பாஸ்போட்டக் குடுத்துட்டா நான் அவருகிட்ட எப்பிடிடா போறது?" என்றாள்.

"அவரு கூப்பிட்டாரா? கடைசியா எப்ப காயிதம் வந்துச்சு, சொல்லு பாப்போம்."

"கூப்பிடலன்னா? கட்டுனவருதானேடா. நான் வேற நாட்டுக்காரியா ஆகிட்டா அவருக்கு நான் யாரு?"

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதூகலம். அத்தை கையெழுத்து வைத்துவிட்டால் எங்கள் நாடாகிவிடுவாள், அப்புறம் கப்பல் வந்தாலும் அவளைக் கொண்டுபோக முடியாது. வேண்டாத சாமியில்லை. மாமாவைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, அவர்தான் பனிக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறாரே!

டவுனில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணனை, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவரை, எங்கள் தோட்டத்தில் தெரியாதவர்கள் இல்லை. தீபாவளிக்கு முன்னால் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக வருவார். சரக்கெடுக்க இந்தியாவுக்குப் போய்வருகிற மனிதர். அந்த வருஷம் அவர் புறப்பட்டபோது, மாமா நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருப்பதாகச் சொல்லி, முடிந்தால் பார்த்துவரும்படி அத்தை கேட்டிருந்தாள். தீபாவளிக்கு நானா வந்து மூட்டையை இறக்கினார், ஆனால் அவிழ்க்கவில்லை. தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். என் படிப்பைப் பற்றி விசாரித்தார்.

அத்தைதான் கேட்டாள். "கண்டீங்களா நானா?"

"கண்டேன் தங்கச்சி. நல்லா ஈக்கிறாரு. அங்கயும் நம்மளப் போலதான், தேயிலை, மலை, குளிரு. அந்த ஊரு ஆக்கள் அவரச் சிலோன்காரரு, சிலோன்காரருன்டுதான் கூப்பிடுறாங்க. வீட்டக் கேட்டதே அப்பிடிச் சொல்லித்தான்."

அத்தை வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. "இங்க நான் இந்தியா, அங்க அவரு சிலோனா? நல்லா இருக்கே கூத்து!"

நானா சிரிக்கவில்லை. குடித்து முடித்த கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கீழே பார்த்தபடி, "ரெண்டு புள்ளைகள் ஈக்குது தங்கச்சி. மூத்தது இந்தப் புள்ளைட வயசு இருக்கும்" என்று என்னைக் காட்டினார்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. மாமாவுக்குப் பிள்ளைகள் என்றால் எனக்கு மச்சான், மச்சாள் அல்லவா? என் வயதில் ஒன்று வேறு! அவர்களுக்குக் கோடு கிழித்து விளையாடத் தெரியுமா என்று நானாவிடம் கேட்டேன். அத்தை எழுந்து அவருடைய கோப்பையை வாங்கிக் கழுவினாள். கழுவின கோப்பையை மறுபடியும் கழுவினாள். அந்த வருஷம் நானா அவளுக்கென்று ஒரு சேலையைப் பிரித்துக்காட்டியபோது, "அடுத்த தடவை பாக்குறேன் நானா" என்று சொல்லிவிட்டாள். அவர் போனபின் அப்பாவைக் கூப்பிட்டு, "கையெழுத்து வாங்குற ஆபீஸ்காரங்க என்னைக்கிடா வர்றாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவர்கள் வந்தது ஒரு சனிக்கிழமை. தோட்டத்தில் வேறு இடம் வசதிப்படாததால் பிள்ளைக் காம்பராவில் மேசை போட்டிருந்தார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. ஒரு பாதியில் தொட்டில்கள், மறுபாதியில் அரசாங்கம். பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாம்மா ஒரு பொல்லாத மனுஷி. பெரிய துரை வந்தாலும் உதட்டில் விரலை வைத்து அடக்கிவிடுவாள். "என்னமும் செஞ்சுக்கங்க, புள்ளைங்க எந்திரிச்சா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டாள். ஆகவே அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் நாடு மாறியதெல்லாம் குசுகுசுவென்றுதான் நடந்தது. தொட்டில்கள் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகப் பனி. பெயர் கூப்பிடுவது, சத்தியம் வாசிப்பது, நன்றி சொல்வது எல்லாமே தாலாட்டுக்கு நடுவே பேசுகிற குரலில். எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது.

என்னை ஏன் கூட்டிக்கொண்டு போனாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. புதுச் சட்டை போட்டுவிட்டு, "வாடி, ஒரு வேலை இருக்கு" என்றாள், அவ்வளவுதான். மேசையில் டவுனிலிருந்து வந்த ஒரு தமிழ் மிஸ் இருந்தாள். சின்னப் பெண். பக்கத்து மேசையில் சிங்கள ஐயா ஒருவர். அத்தை தன் பாஸ்போட்டை முந்தானையிலிருந்து எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போவதுபோல் தூக்கி, பிறகு அப்படியே மேசையில் வைத்தாள். மிஸ் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள்.

"புருஷன் பேரு?"

அத்தை என் தோளைத் தொட்டாள். "நீ சொல்லு."

"அவங்களே சொல்லணும்மா" என்றாள் மிஸ்.

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் லயத்துப் பெண்கள் கட்டினவன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவனுடைய ஆயுசு குறையும். அம்மாவும் அப்பாவை, "இந்தப் புள்ளையோட அப்பா" என்றுதான் சொல்வாள். எனக்கு வேலை வந்துவிட்டது என்ற பெருமையில், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல் மாமாவின் முழுப்பெயரையும் உரக்கச் சொன்னேன். ஒரு தொட்டில் வீறிட்டது. அதைக் கேட்டு இன்னொன்று. ஆயாம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் அத்தையின் சேலைக்குள் ஒளிந்துகொண்டேன். மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள்.

அத்தை கையெழுத்து வைத்தாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. மிஸ் எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் திருப்பி வாசித்துக்காட்டினாள். ஊர், தோட்டம், பிறந்த இடம். "இனம், இந்தியத் தமிழர்" என்று வந்ததும் அத்தை நிறுத்தினாள்.

"ஏம்மா, இந்தியாவத்தான் இப்ப வாங்கி வச்சிட்டீங்களே. மறுபடியும் எதுக்கு அதையே எழுதுறீங்க?"

"நீங்க குடுத்தது பிரஜாவுரிமைம்மா. இது இனம். அது வேற, இது வேற. அத மாத்தலாம், இத மாத்த ஏலாது. பரம்பரையா வர்றது."

"எங்க அப்பா பொறந்ததே இந்தத் தோட்டத்துலதாம்மா."

மிஸ் பேனாவை மூடினாள், திறந்தாள். "என்னோட பேர்த் சேர்ட்டிபிகேட்லயும் அப்பிடித்தாம்மா இருக்கு" என்றாள். பக்கத்து மேசை ஐயா என்ன பிரச்சினை என்று சிங்களத்தில் கேட்டார். "மொகுத் நே சேர்" என்றாள் மிஸ். ஒன்றுமில்லையாம்.

என்னுடையதிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. இன்றைக்கும் எந்த வேலைக்கு, எந்தக் கடனுக்குப் படிவம் நிரப்பினாலும் அந்த இரண்டு கட்டமும் வரும். ஒன்றில் இலங்கை என்று எழுதுவேன், அடுத்ததில் இந்திய என்று தொடங்குவேன். கை தானாக எழுதிவிடும், மனசு மட்டும் ஒரு நிமிஷம் எரியும். அன்றைக்கு வெளியே வந்தபோது அத்தையின் சிநேகிதிகள் சூழ்ந்துகொண்டார்கள். "என்னாடி இந்தியா, சிலோனாயிட்டியா?" என்று ஒருத்தி கேட்க, "எங்க ஆனேன், இன்னமும் இந்தியான்னுதான் எழுதியிருக்காங்க" என்று அத்தை சொல்ல, வாசலில் பெரிய சிரிப்பு. ஆயாம்மா மறுபடி வந்து எல்லோரையும் விரட்டினாள்.

திரும்பி வரும் குறுக்குப் பாதையில் பனி இறங்கிவிட்டது. பத்தடி தூரத்துத் தேயிலை தெரியவில்லை. அத்தை முன்னால் போனாள், நான் அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"அத்தை, இனி நீங்க எங்க நாடுதானே?"

"ம்."

"எங்கயும் போகமாட்டீங்கதானே?"

"எங்கடி போறது."

"அப்ப மாமா வந்தா?"

அத்தை நின்றாள். எனக்கு அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. பிறகு மாமாவின் பெயரைச் சொன்னாள். முழுதாக, தெளிவாக, யாரோ பக்கத்துத் தோட்டத்து ஆளைச் சொல்வதுபோல. "வந்தா விருந்தாளிதான்டி. பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வரட்டும். சோறாக்கிப் போட்டு அனுப்புவோம்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. பெயரைச் சொல்லத் தெரிந்தவள் அங்கேயே சொல்லியிருக்கலாமே! எதற்கு என்னை அத்தனை பேர் முன்னால் கத்தவைத்து, ஆயாம்மாவிடம் முறைப்பு வாங்கவைத்தாள்? முந்தானையை விட்டுவிட்டுத் தள்ளியே நடந்தேன். வீடு வந்து சேரும்வரை அவளோடு பேசவில்லை. அவளும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகளை எழுப்பிவிட்டதில் அவளுக்கும் என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.